கல்லூரி வைஃபை: மாணவர் கையில் இருக்கும் போனுக்கு எது ஒத்துவரும்?

முதலாண்டு மாணவர்கள் வந்து சேரும் வாரத்தில் எங்கள் நெட்வொர்க் அறை வாசலில் செருப்பு குவிந்துவிடும். போன வருடம் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு மாணவி, மூலையில் விரிசல் விழுந்த போன் ஒன்றை நீட்டினாள். அக்கா பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. "சார், என் ரூம்ல எல்லாருக்கும் வந்துடுச்சு. எனக்கு மட்டும் 'சேவ்டு'ன்னு காட்டுது, கனெக்ட் ஆக மாட்டேங்குது." யூசர்நேம் சரி, பாஸ்வேர்டு சரி. அரை மணி நேரம் போராடிய பிறகுதான் மேலே தெரிந்த தேதியைப் பார்த்தேன். 2015 ஜனவரி 1. முந்தின இரவு சார்ஜ் முழுக்க இறங்கிப் போன் அணைந்திருக்கிறது. உள்ளே சிம்மும் இல்லை, நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ள வழியில்லை. 'இது உண்மையான கல்லூரி சர்வர்தான்' என்று போனுக்குக் காட்டும் எங்கள் சான்றிதழ் செல்லத் தொடங்கும் நாளே இன்னும் வரவில்லை என்று கணக்குப் போட்டு, அந்தப் போன் இணைய மறுத்திருக்கிறது. தேதியை மாற்றினேன், இரண்டு நொடியில் இணைந்துவிட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லூரிக்கு எந்த வைஃபை முறை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் மேசைமேல் இருப்பவை புது லேப்டாப்பும் விலை உயர்ந்த போன்களும்தான். அவற்றில் எந்த முறையும் நன்றாகவே ஓடும். ஆனால் அந்த நெட்வொர்க்கை நாள் முழுக்க நம்பியிருக்கப்போவது அக்கா கொடுத்த போனும், வேலூரில் போன் கடைகள் நிறைந்த சாரதி மாளிகையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய போனும். எந்த முறையையும் அந்தப் போனை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்த அளவுகோலில்தான்.

ஆற்காடு பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இதே வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: பழைய ஆக்சஸ் பாயிண்டுகளை (வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) மாற்றப்போகிறோம், மாணவர் போன்களை எந்த வழியில் உள்ளே விடுவது? அவருக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பல்லாயிரம் பேர் படிக்கும் பெரிய வளாகமும் உண்டு, இரண்டு கட்டடம் மட்டும் உள்ள கலைக் கல்லூரியும் உண்டு. ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது.

"இப்போது எல்லார் கையிலும் டேட்டா இருக்கிறதே, வைஃபை எதற்கு?" என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு விடுதிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கான டேட்டா பலருக்குத் தீர்ந்திருக்கும். கருங்கல் அஸ்திவாரம், தடித்த சுவர், பின்பக்கம் மலை. உள் அறைகளில் சிம்முக்கு ஒரு கோடு சிக்னல் வந்தால் பெரிது. ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடம் பார்க்க வேண்டும், லேப்டாப்பில் சிம் கிடையாது. வைஃபை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் பகலில் அதுவும் முடியாது.

ஒரு நிறுவனத்தில் ஊழியருக்கு லேப்டாப்பை நிறுவனமே கொடுக்கும், வேண்டியதை முன்பே ஏற்றி வைத்துவிடும். கல்லூரியில் அப்படி இல்லை. போன் மாணவருடையது. எந்த மாடல், எந்தப் பதிப்பு, யார் அதன் மென்பொருளை நோண்டியது என்று எதுவும் நமக்குத் தெரியாது. அதனால் கோளாறு வரும்போதெல்லாம் "உன் போன் சரியில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன், பலமுறை தவறாக.

இந்த விஷயத்தில் இரண்டு பழைய கதைகள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கவை. 2007-இல் ஐபோன் வந்த புதிது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வைஃபை அவ்வப்போது விழுந்தது. 'இந்த முகவரி யாருடையது?' என்ற கேள்விகள் ஆயிரக்கணக்கில் நெட்வொர்க்கை நிரப்பின, பழி ஐபோன்மேல் விழுந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆராய்ந்து பார்த்ததில் கோளாறு அங்கிருந்த சிஸ்கோ நெட்வொர்க் பக்கம். அதற்குத் திருத்தம் போட்டதும் சரியாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து, 2010-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நேர் எதிர். புதிதாக வந்த ஐபேடுகள், வாடகைக்குக் கொடுத்த ஐபி முகவரியின் (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் காட்டும் எண்) கெடு முடிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. அதே முகவரி வேறொருவருக்குப் போய் மோதல் வந்தது. இந்த முறை தவறு உண்மையில் கருவியுடையது. பிரின்ஸ்டன்காரர்கள் அதை லாக், அதாவது நெட்வொர்க் தானாக எழுதிவைக்கும் பதிவுகளை வைத்து நிரூபித்தார்கள். சில ஐபேடுகளைத் தற்காலிகமாகத் தடுக்கவும் செய்தார்கள். இரண்டு இடத்திலும் விடை கிடைத்தது லாகைப் பார்த்ததால்தான், ஊகத்தால் இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

வீட்டு வைஃபை மாதிரி. எந்தப் போனும் இணையும், டிவியும் இணையும், பிரிண்டரும் இணையும். ஒரு மணி நேரத்தில் அமைத்துவிடலாம். சின்னக் கல்லூரிகள் பல இதில்தான் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பாஸ்வேர்டு ஒரு வாரம்கூட ரகசியமாக நிற்காது. ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபை அமைப்பில் 'ஷேர்' தொட்டால் க்யூஆர் குறியீடு வந்துவிடுகிறது, பக்கத்தில் நிற்பவர் ஸ்கேன் செய்தால் முடிந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்பவர் வரை போய்ச் சேரும். ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் பாஸ்வேர்டு தெரிந்த எவரும், ஒரு போன் இணையும் தருணத்தைப் பிடித்துவிட்டால், அந்தப் போனின் போக்குவரத்தைக் காற்றில் பிரித்துப் படிக்கலாம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 அந்தக் கடைசிக் குறையைத் தீர்க்கிறது. பாஸ்வேர்டு ஊர் சுற்றுவதை அதனாலும் தடுக்க முடியாது.

இன்னொன்று, யார் எதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகத்தான் போனது. அடுத்த ஆண்டே தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்பது பற்றி உத்தரவு போட்டது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரே பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் 180 நாள் லாக் வைத்திருந்தாலும் அதில் ஆள் பெயர் இருக்காது. விசாரணை என்று யாராவது வந்தால் ஒரு விடுதி முழுக்கச் சந்தேகத்தில் நிற்கும். தவறே செய்யாத பிள்ளைகள் வரிசையில் நின்று போனைக் கொடுக்க வேண்டிவரும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

லாகின் பக்கம்

வைஃபை திறந்திருக்கும். இணைந்ததும் ஒரு பக்கம் வரும், அதில் பதிவு எண்ணும் பாஸ்வேர்டும் போட வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதிகம் பார்ப்பது இதுதான். நிர்வாகத்துக்கும் பிடிக்கும், கல்லூரி லோகோவோடு ஒரு பக்கம் தெரியுமே. பத்து வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் பரிந்துரைத்திருப்பேன்.

இப்போது இது ஓடுவது போன்களின் தயவில். இணைந்தவுடன் ஐபோன் ஆப்பிளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும், ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைத் தட்டும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால்தான் "இங்கே லாகின் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு பக்கத்தைக் காட்டும். அந்தச் சங்கிலி எங்கே அறுந்தாலும் மாணவருக்குத் தெரிவது "கனெக்டட், நோ இன்டர்நெட்" மட்டும். பிரவுசரைத் திறந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் அது எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டிய இணைப்பு. நடுவில் புகுந்து திருப்பிவிட முயன்றால் பிரவுசர் "இது ஆபத்து" என்று சிவப்பில் எச்சரிக்கும். எச்சரிக்கையை மீறிப் போகச் சொல்லி நாமே பிள்ளைகளுக்குப் பழக்குவது எவ்வளவு தப்பு!

எங்கள் விடுதியில் ஒரு மாதம் இப்படிக் குழம்பினோம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், நன்றாகக் கம்ப்யூட்டர் தெரிந்தவன், அவன் போனில் மட்டும் லாகின் பக்கம் வரவே இல்லை. கடைசியில் பார்த்தால் விளம்பரங்களைத் தடுப்பதற்காக 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டிருந்தான். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் அந்த வசதி உண்டு. அதில் ஒரு சர்வர் பெயரைக் கொடுத்துவிட்டால், போன் வேறு எந்த டிஎன்எஸ் பதிலையும் ஏற்காது. லாகின் முடியும்வரை நம் ஃபயர்வால் அந்தச் சர்வரை எட்டவிடாது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். "தம்பி, அதை ஆஃப் பண்ணிட்டு லாகின் பண்ணு" என்றதும் வந்துவிட்டது. அதற்குள் அவன் பேச்சைக் கேட்டு அந்த மாடியில் பாதிப் பேர் அதே டிஎன்எஸ்ஸைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அப்புறம் மேக் அட்ரஸ், ஒவ்வொரு கருவியின் வைஃபைக்கும் உள்ள அடையாள எண். தினமும் லாகின் கேட்காமலிருக்க, ஒருமுறை வந்த போனின் மேக் அட்ரஸை நினைவில் வைத்து உள்ளே விடுவது வழக்கம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் நிஜ மேக் அட்ரஸை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு கற்பனை எண்ணைக் காட்டத் தொடங்கின. ஐஓஎஸ் 15-இலிருந்து ஆறு வாரம் இணையாமல் இருந்த நெட்வொர்க்குக்குப் புது எண். மே மாத விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய ஐபோன் புது ஐபோனாகத் தெரியும். ஐஓஎஸ் 18 இன்னும் ஒரு படி மேலே போய், பூட்டு இல்லாத நெட்வொர்க் என்றால் எண்ணை அவ்வப்போது மாற்றுவதையே இயல்பாக வைத்துவிட்டது. லாகின் பக்கம் உள்ள வைஃபை பூட்டு இல்லாத வைஃபைதானே. "ஒருவருக்கு இரண்டு கருவி" என்று நீங்கள் வரம்பு வைத்திருந்தால், ஒரே போன் மூன்று முறை எண் மாறி, அந்த மாணவர் தன் சொந்தக் கணக்குக்கு வெளியே நிற்பார். தனியுரிமைக்காகச் செய்த மாற்றம் அது, நல்ல மாற்றம். மேக் அட்ரஸை அடையாள அட்டையாக நாம் பயன்படுத்தியதுதான் கோணல்.

காற்றில் எதுவும் பூட்டப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு, ஒருநாள் கருத்தரங்குக்கு, அட்மிஷனுக்கு வரும் பெற்றோருக்கு இது போதும். நான்கு வருடம் தங்கிப் படிப்பவருக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன்.

ஆளுக்கு ஒரு கணக்கு: 802.1எக்ஸ்

இங்கே பூட்டும் அடையாளமும் ஒன்றாக வருகின்றன. போன் இணையும்போதே யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்கும். பின்னால் ஒரு ரேடியஸ் சர்வர் சரிபார்க்கும். ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி, பக்கத்து ஆள் படிக்க முடியாது. மேக் அட்ரஸ் மாறினாலும் கவலையில்லை, ஆள் யார் என்று கணக்கே சொல்லும். இலவசமான ஃப்ரீரேடியஸ் மென்பொருளில் ஆயிரக்கணக்கான மாணவரைத் தாங்கலாம். பணச் செலவு குறைவு. செலவாவது நம் நேரம்.

ஏனென்றால் அந்த ஆண்ட்ராய்டு திரை. ஈஏபி முறை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, சிஏ சான்றிதழ், டொமைன், ஐடென்டிட்டி, அனானிமஸ் ஐடென்டிட்டி, பாஸ்வேர்டு. பிளஸ் டூ முடித்து நேற்று வந்த பிள்ளைக்கு இதில் என்ன புரியும்? பாதிப் பேர் யூசர்நேமை டொமைன் கட்டத்தில் போடுவார்கள். இத்தனை நாள் கல்லூரி நோட்டீஸ் போர்டுகளில் ஒரு குறுக்குவழி ஒட்டியிருந்தது: "சிஏ சான்றிதழ் என்ற இடத்தில் 'டோன்ட் வேலிடேட்' தேர்ந்தெடுக்கவும்." 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11-க்கு வந்த புதுப்பிப்பு பிக்சல் போன்களில் அந்த வழியை எடுத்துவிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களின் போன்களிலும் மறைந்தது. நோட்டீஸில் இருக்கும் வரி புதுப் போனில் இல்லை, பழைய போனில் இருக்கிறது. ஒரே அறையில் நான்கு பேருக்கு நான்கு விதத் திரை.

அந்த வரியை எடுத்தது சரிதான் என்பேன். சரிபார்க்க வேண்டாம் என்று வைத்த போன், அதே பெயரில் யார் வைஃபை பரப்பினாலும் போய் இணையும். ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தால் போதும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் பரவலாக இருக்கும் எம்எஸ்சாப்வி2 முறையில் போன் அனுப்பும் பதிலிலிருந்து பாஸ்வேர்டின் சாரத்தை எடுத்துவிடலாம் என்று 2012-லேயே டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் காட்டிவிட்டார்கள். அதே பாஸ்வேர்டில்தான் மாணவரின் மெயில், மதிப்பெண், கட்டணக் கணக்கு எல்லாம் திறக்கும் என்றால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதனால் வைஃபைக்குத் தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. மெயில் பாஸ்வேர்டை மாற்றிய மாணவரின் பையில் கிடக்கும் போன், பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பக் கதவைத் தட்டி, அவர் கணக்கையே பூட்டிவிடும். தனிப் பாஸ்வேர்டு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

சர்வர் சான்றிதழ் விஷயத்தில் ஒரு வார்த்தை. இணையதளங்களுக்கு வாங்கும் பொதுச் சான்றிதழையே ரேடியஸுக்கும் போடுவது சுலபமாகத் தோன்றும். அதன் ஆயுள் 2020 முதல் 398 நாள்தான் இருந்தது, 2029-க்குள் 47 நாளாகக் குறைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது மாறும் போதெல்லாம் பல ஐபோன்கள் "நம்பலாமா?" என்று மறுபடி கேட்கும். கல்லூரிக்கே சொந்தமாக நீண்ட ஆயுள் சிஏ (சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் மூலச் சான்றிதழ்) ஒன்றை உருவாக்கி, அதைப் போனில் ஏற்றும் சிறு செயலி வழியாகக் கொடுப்பதே நிம்மதி. செயலி எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பிவிடும். மாணவர் போடுவது பெயரும் பாஸ்வேர்டும் மட்டும்.

இந்தச் செயலியைத் தனியாக எழுதத் தேவையில்லை. இங்கேதான் எடுரோம் வருகிறது. ஐரோப்பாவில் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிய ஏற்பாடு. இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான நெட்வொர்க்கான எர்நெட் நடத்துகிறது. அடியில் ஓடுவது இதே 802.1எக்ஸ்தான். சேர்ந்த கல்லூரியின் மாணவர் அதே கணக்கோடு, சேர்ந்த வேறெந்த வளாகத்திலும் இணையலாம். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னையிலோ பெங்களூரிலோ புராஜெக்டுக்குப் போகும் மாணவருக்கு, அங்கே எடுரோம் இருந்தால், இறங்கியதும் போன் தானே இணைந்துவிடும். அமைப்புக்கான செயலியும் கூடவே கிடைக்கிறது என்பது என்னைப் பொறுத்தவரை பயணத்தைவிடப் பெரிய லாபம்.

பாஸ்வேர்டே இல்லாமல், சான்றிதழ் மட்டும்

ஈஏபி-டிஎல்எஸ் என்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சான்றிதழ். பாதுகாப்பில் இதை மிஞ்ச ஒன்றில்லை. திருட பாஸ்வேர்டு இல்லை, தொலைந்த போனை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் வழங்க, புதுப்பிக்க, ரத்து செய்ய ஆள் வேண்டும், பெரும்பாலும் உரிமக் கட்டணமும் வேண்டும். பழைய ஆண்ட்ராய்டுகளில் சான்றிதழ் ஏற்றத் திரைப் பூட்டு கட்டாயம். பூட்டே போடாத போன்கள் நிறைய வரும். பெரிய வளாகம், ஐந்தாறு பேர் கொண்ட குழு என்றால் இதற்குப் போங்கள். எங்களைப் போல் இரண்டு பேர் என்றால் வேண்டாம்.

ஒரே வைஃபை, ஆளுக்கு ஒரு சாவி

இது எனக்குப் பிடித்தது, முன்பே சொல்லிவிடுகிறேன். பார்க்க வீட்டு வைஃபை மாதிரியே இருக்கும், ஒரு பாஸ்வேர்டு மட்டும் கேட்கும். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் அந்தப் பாஸ்வேர்டு வேறு. எந்தப் பாஸ்வேர்டில் இணைந்தது என்பதைப் பார்த்து ஆளை அடையாளம் காண்கிறது. ஒருவர் சாவியை ரத்து செய்தால் மற்றவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தேதி தவறிய போனும் இணையும், ஏழு கட்டத் திரை இல்லை. நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கின்றன. ஆக்சஸ் பாயிண்டை இயக்கும் இலவச மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடி-யிலும் பல சாவிகள் வைக்கலாம்.

குறையும் உண்டு. ஒரு மாணவன் தன் நண்பனுக்குச் சாவியைக் கொடுத்துவிடலாம். ஆனால் அவன் செய்வது தன் பெயரில் விழும் என்று தெரிந்தால் யோசிப்பான். பெரிய குறை வேறு: டபிள்யூபிஏ3-இல் சாவிப் பரிமாற்றம் தொடங்கும்போதே எந்தப் பாஸ்வேர்டு என்று ஆக்சஸ் பாயிண்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த முறை பெரும்பாலும் டபிள்யூபிஏ2-வோடு நின்றுவிடுகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு டபிள்யூபிஏ3 கட்டாயம் என்பதால் நாளைக்கு இது இடிக்கும். மேக் அட்ரஸோடு சாவியைக் கோர்க்கும் நிறுவனங்களும் உண்டு. மேலே சொன்ன காரணத்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கும் முன் இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

டிவியும் பிரிண்டரும்

மாணவர் போனை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பாதி வேலைதான். வகுப்பறை ஸ்மார்ட் டிவி, குரோம்காஸ்ட், பிரிண்டர், புராஜெக்டுக்குச் செய்யும் சென்சார் போர்டுகளில் பல, 802.1எக்ஸ் அறியாதவை. சரி, அவற்றை வேறு நெட்வொர்க்கில் போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பப் பார்த்தால் டிவி பெயரே வராது. "டிவி எங்கே?" என்று போன் கேட்கும் குரல் அந்த ஒரு சப்நெட்டுக்குள்தான் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) கேட்கும், ரவுட்டர் தாண்டாது. வீட்டுக்குச் செய்த கருவி, வீட்டில் ஒரே நெட்வொர்க்தான் இருக்கும் என்று நம்பிச் செய்தது. 2012-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக நெட்வொர்க்காரர்கள் இதற்காகவே ஆப்பிளுக்குக் கூட்டாக மனு எழுதினார்கள். இப்போது பெரும்பாலான வைஃபை கன்ட்ரோலர்களில் அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்து மறுபக்கம் சொல்லும் வசதி இருக்கிறது. அதை அறைவாரியாக மட்டும் திறந்துவிடுங்கள். மொத்தமாகத் திறந்தால் விடுதிப் பையன் கைக்கு வகுப்பறை டிவி போய்விடும்.

எந்த முறையானாலும் காற்று ஒன்றுதான்

ஒவ்வொரு முறைக்கும் ஒரு வைஃபை பெயர் வைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் நொடிக்குச் சுமார் பத்து முறை, ஆக மெதுவான வேகத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. மலிவு விலைப் பழைய போன்கள் பல அந்த அலைவரிசை மட்டுமே அறிந்தவை. நாம் வைக்கும் கூடுதல் பெயர் ஒவ்வொன்றும் அந்தப் போன்களின் நேரத்தைத்தான் தின்கிறது. மூன்று பெயருக்கு மேல் போகாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரிலேயே உரிமம் தேவையில்லாத இடத்தை அரசு விரித்துக் கொடுத்துவிட்டது. லேப்டாப்பையும் புதுப் போன்களையும் அங்கே தள்ளிவிட்டால் பழைய போனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஐபி முகவரியும் பாருங்கள். 254 முகவரி உள்ள சப்நெட்டை விடுதியின் ஒரு மாடிக்கு ஒதுக்கி, கெடுவை ஒரு நாள் என்று வைத்தால், எண் மாறும் போன்களே அதைக் காலி செய்துவிடும். கெடுவை ஒன்றிரண்டு மணியாகக் குறைத்து, சப்நெட்டைப் பெரிதாக்குங்கள். செலவே இல்லாத வேலை. எங்களிடம் வந்த "வைஃபை வர்ல சார்" புகார்களில் நிறைய இந்த இரண்டிலேயே தீர்ந்தன.

ஆக, எதை எடுப்பது?

ஆற்காட்டு நண்பரிடம் நான் சொன்னது இது. அவர் கல்லூரியில் விடுதி சின்னது, நெட்வொர்க் பார்ப்பது அவர் ஒருவர்தான், ஆய்வகப் பொறுப்பும் அவரிடமே. ஆளுக்கு ஒரு சாவி முறையை எடுங்கள், விருந்தினருக்கு லாகின் பக்கம் ஒன்று, அவ்வளவே. மாணவரும் டிவியும் ஒரே முறையில் அடங்கிவிடும். ஒரே பாஸ்வேர்டிலிருந்து மாறுபவருக்கு மாணவர் பக்கம் பழக்கம் எதுவும் மாறாது.

எங்களைப் போன்ற நடுத்தர இடத்தில், போனுக்கும் லேப்டாப்புக்கும் எடுரோம், அதோடு செயலி, வைஃபைக்கு மட்டுமான தனிப் பாஸ்வேர்டு. செயலி ஏறாத போனுக்கும், டிவி, பிரிண்டர், சென்சாருக்கும் ஆளுக்கு ஒரு சாவி. விருந்தினருக்கு லாகின் பக்கம். மொத்தம் மூன்று பெயர். ஏன் எல்லாரையும் சாவி முறையிலேயே வைக்கவில்லை என்று நண்பர் கேட்டார். மாணவர் எண்ணிக்கை கூடக் கூட ஒரு நிறுவனத்தின் வசதியை மட்டும் நம்பி நிற்பது பிறகு கழுத்தைப் பிடிக்கும், 802.1எக்ஸ் எந்த நிறுவனத்தின் ஆக்சஸ் பாயிண்டிலும் ஓடும். வெளி வளாகத்துக்குப் போகும் மாணவர்கள் எங்களிடம் அதிகம் என்பதும் ஒரு காரணம். செயலி ஏறவில்லை என்று வரும் மாணவரை "புதுப் போன் வாங்கு" என்று அனுப்பாமல், அங்கேயே ஒரு சாவி எழுதிக் கொடுத்துவிட முடிகிறது. அந்த இரண்டாவது வழி இல்லாமல் முதல் வழியைத் திறக்க நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

மாற்றத்தைச் செமஸ்டர் நடுவில் செய்யாதீர்கள். தேர்வு முடிந்து விடுதி காலியாகும் வாரத்தில் தொடங்கினால், முதலாண்டு வருவதற்குள் ஒரு மாதமாவது கிடைக்கும். அந்த மாதத்தில் செய்ய வேண்டியதில் முக்கியமானது சோதனை. எங்கள் அறை மேசை இழுப்பறையில் இப்போது ஐந்து பழைய போன்கள் இருக்கின்றன. இரண்டை மாணவர்களே போகும்போது கொடுத்துவிட்டுப் போனார்கள், மூன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். ஒன்றில் 2.4 மட்டும், ஒன்றில் ஆண்ட்ராய்டு 7, ஒன்றில் பேட்டரி நிற்காது. பேட்டரி நிற்காததை வேண்டுமென்றே சிம் இல்லாமல் வைத்திருக்கிறோம், தேதி தவறட்டும் என்று. சர்வரில் எதை மாற்றினாலும் ஐந்தையும் எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதி வராண்டா கோடி வரை நடந்துபோய் இணைத்துப் பார்க்கிறோம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் தாளிலும் இப்போது முதல் வரி பாஸ்வேர்டைப் பற்றியது இல்லை: "முதலில் போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்."